காரணம் தெரியும் முன்பே விலகிய நோய்



இணைப்புத்திசு நோய்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா என்ற இரண்டும்தான் மருத்துவர்களின் நினைவுக்கு வரும். 1942-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் நோய்க்குறியியலாளராக இருந்த பால் கிளெம்பரர், இவை ஒரே உறுப்பின் நோய்கள் அல்ல, உடம்பு முழுக்க உறுப்புகளைத் தாங்கிப் பிணைத்து நிற்கும் திசுவின் நோய்கள் என்று எழுதினார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இருக்கும் நோய்களுக்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மாநாடுகள் நடக்கின்றன, மருந்துக் கம்பெனிகளும் அக்கறை காட்டுகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது பட்டியலில் இல்லாத ஒன்று. அதே திசு இதயத்தின் உள்ளே, இருக்கக் கூடாத இடத்தில், அளவில்லாமல் குவிந்ததால் வந்த நோய் அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சில ஏழை நாடுகளிலும் நம்முடைய இந்தக் கேரள, குமரிக் கரையோரத்திலும்தான் அது கூட்டமாகக் காணப்பட்டது. இந்தத் திருவனந்தபுரம் நகரத்தின் மருத்துவமனைகள் அதை ஆராயாமல் விட்டிருந்தால் இந்தியாவில் வேறு யாரும் அவ்வளவு ஆழமாக ஆராய்ந்திருக்கப் போவதில்லை.

எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். வார்டுகளில் இ.எம்.எஃப். என்ற மூன்று எழுத்தில் சொல்லிவிடுவோம். இதய அறைகளின் உட்சுவரை மூடியிருக்கும் சவ்வு, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. இந்த நோயில் அது வெள்ளை வெளேரென்று தடித்த நாராக மாறிவிடும். முக்கியமாகக் கீழறைகளின் நுனியில்தான் நார் படியும். நுனி அடைந்துபோகும். அறை சுருங்கும். வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் தசைகளும் அந்த நாரில் சிக்கிக்கொள்வதால் வால்வு சரியாக மூடாது, ரத்தம் பின்னோக்கிக் கசியும். கீழறை சிறுத்துக்கொண்டே போக, அதற்கு மேலிருக்கும் அறை ரத்தத்தைத் தேக்கித் தேக்கி எக்ஸ்ரேயில் மார்பின் பாதியை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வீங்கும்.

நான் மருத்துவம் படித்து நாகர்கோவிலில் பணியைத் தொடங்கிய காலத்தில், இந்த நோயாளிகளைப் பெற்றோர் அழைத்து வரும்போது இதயம் என்ற பேச்சே எழாது. வயிற்றைத்தான் காட்டுவார்கள். "மகோதரம் டாக்டரே, நாட்டு மருந்து குடுத்துப் பாத்தாச்சு" என்பார்கள். பன்னிரண்டு வயது என்று சொல்லும் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளையைப் போல இருக்கும். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்து, முகம் ஊதி, கழுத்து நரம்பு விம்மி நிற்கும். பருவம் அடைய வேண்டிய வயதில் பெண் பிள்ளைகள் அடைந்திருக்க மாட்டார்கள். கல்லீரல் கெட்டுவிட்டது என்றோ காசநோய் என்றோ முதலில் யாருக்கும் தோன்றும். வயிற்றில் அவ்வளவு நீர் இருந்தும் கால் பாதத்தில் வீக்கம் அந்த அளவுக்கு இல்லையே என்ற ஒரு முரண்தான் கவனித்துப் பார்க்கும் மருத்துவருக்கு வழி காட்டும். இதயத்தின் வலது பக்கம் பாதிக்கப்பட்டால் இப்படி. இடது பக்கம் என்றால் மூச்சு வாங்கல், இருமல், ரத்தம் கலந்த சளி. இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களைக் களியக்காவிளை வழியாக இந்த நகரத்துக்குத்தான் அனுப்பினோம். குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் எங்கள் மக்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அது இங்கேதான் இருந்தது. சென்னை ஓர் இரவுப் பயணம், திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம்.

இந்த நோயை உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய நோய்க்குறியியலாளர் ஜாக் டேவிஸ். ஆண்டு 1948. பிரேதப் பரிசோதனை மேசையில் அவர் அதைக் கண்டார். அதற்கு முன் 1936-இல் சூரிச் நகரத்தின் லோஃப்லர், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மிகுந்து இதயத்தின் உட்சவ்வு தடித்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றா, வேறா என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை. உகாண்டாவுக்குப் பிறகு நைஜீரியா, ஐவரி கோஸ்ட், பிரேசில், மொசாம்பிக் என்று செய்திகள் வந்தன. தென்னிந்தியாவிலும் இது உண்டு என்பதை நோய்க்குறியியலாளர்கள் 1960-இல் பதிவு செய்தார்கள். கேரள மருத்துவர் சி.கே. கோபி 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரைகள் எல்லாம் சிறியவை. அவற்றை எழுதியவர்கள் நாள் முழுக்க வெளிநோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து எழுதினவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1976-இல் இந்த நகரத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவமனை நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடம். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதைக் கட்டி எழுப்பியவர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரைக்காரர். 1951-இல் இங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்த முதல் அணி மாணவர். வெளிநாடுகளில் இதய அறுவை கற்றுத் திரும்பியவர். 2024 ஜூலையில் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் சித்ரா என்ற செயற்கை இதய வால்வு நினைவுக்கு வரும். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வின் புகழ் நியாயமானது. ஆனால் என் பார்வையில், இ.எம்.எஃப். நோயாளிகளை அவர் கைவிடாமல் இருந்தது அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. புதிதாகத் திறந்த உயர்நிலை மருத்துவமனை, அறுவைக்கு நல்ல பலன் தரும் நோய்களை எடுத்துக்கொண்டு பெயர் வாங்கியிருக்கலாம். வந்து சேர்ந்தவர்களோ பெரும்பாலும் மெலிந்துபோன ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு அறுவை செய்தால் இறப்பு விகிதம் கூடும் என்பது தெரிந்தே செய்தார்கள்.

அந்த அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் அதற்கு வழி வகுத்தார். இதயத்தைத் திறந்து, கீழறையின் உட்சுவரில் ஒட்டிய நார்ப் படலத்தை அடியிலிருக்கும் தசையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நுங்கின் மேல்தோலைச் சதை கிழியாமல் உரிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அதைவிடப் பல மடங்கு பொறுமை வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடினால் இதயச் சுவர் பொத்துவிடும், பக்கம் தவறினால் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை அறுந்துவிடும். பெரும்பாலும் வால்வையும் மாற்ற வேண்டியிருக்கும். பல நாடுகளின் அறிக்கைகளில் அறுவையை ஒட்டிய இறப்பு நூற்றுக்கு 15 முதல் 20 வரை இருந்தது. வலியத்தானும் ஸ்ரீசித்ராவில் அவருடன் பணியாற்றிய கே.ஜி. பாலகிருஷ்ணனும் சி.சி. கர்த்தாவும் சேர்ந்து தங்கள் அறுவை அனுபவத்தை 1987-இல் அமெரிக்க மார்பு அறுவை இதழில் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, அறுவை இல்லாமல் மருந்தில் மட்டும் வைக்கப்பட்ட 145 நோயாளிகளின் கதி என்ன ஆயிற்று என்பதை அதே நிறுவனத்தார் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார்கள். பிழைத்தவர்களைப் பற்றி எழுதக் கை தானாக ஓடும். அறுவைக்குக் கொண்டுபோக முடியாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியதற்காக அந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி காரணத்துக்கு வருகிறேன். என் நாற்பது வயதுகளை இந்தக் கேள்வி தின்றது என்றே சொல்லலாம். ஏன் இங்கே? ஏன் ஏழைகளுக்கு? ஏன் பிள்ளைகளுக்கு?

முதலில் எல்லோரும் கைகாட்டியது மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை. பிரேசிலில் பிறந்த பயிர், போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் நம் கரைக்கும் வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் அதைப் பரப்பினார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றுபோனது. அந்த ஆண்டுகளில் மரச்சீனி இல்லாமல் இருந்திருந்தால் திருவிதாங்கூரில் இன்னும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கும். எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மரச்சீனியும் மீனும்தான் மூன்று வேளைக்கும். மீன் கிடைக்காத வீட்டில் மரச்சீனியும் மிளகும் உப்பும். வயிறு நிறையும், புரதம் ஏறாது. நோய் காணப்பட்ட நாடுகளின் வரைபடத்தையும் மரச்சீனி பிரதான உணவாக இருந்த இடங்களின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நிறையவே பொருந்தும். உகாண்டாவில் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் வறுமையும் மரச்சீனியும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் அதைத் தின்று வாழ்ந்தார்கள். அவர்களுடைய இதயத்தில் நார் படியவில்லை. எங்களைக் காப்பாற்றிய கிழங்கின் மேல் அவ்வளவு சுலபமாகப் பழி போட எனக்கு மனம் வரவில்லை, ஆதாரமும் அந்த அளவுக்கு இல்லை.

அடுத்தது மண். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, அது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் என்று அறிந்தார். அங்கிருந்து வடக்கே நீண்டகரை, சவறை வரை அந்தக் கருமணல் உண்டு. நம் மோனசைட்டில் தோரியம் 8 முதல் 10 சதவீதம். சீரியம் முதலிய அருமண் தனிமங்கள் அதைவிட மிக அதிகம். வலியத்தானும் கர்த்தாவும், பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகளின் துணையோடு, நோயாளிகளின் இதயத் திசுவில் இந்தத் தனிமங்களை அளந்து பார்த்தார்கள். தோரியமும் சீரியமும் கூடுதலாக இருந்தன, மக்னீசியம் குறைவாக இருந்தது. சரியான உணவில்லாத உடம்பில் மக்னீசியம் குறையும்போது, மண்ணிலிருந்து கிழங்கு வழியாக உள்ளே போகும் சீரியம் இதயத்தில் தங்கி நாரை வளர்க்கிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. மக்னீசியம் குறைந்த உணவோடு சீரியமும் கொடுக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் நார் படிவதை ஸ்ரீசித்ரா ஆய்வகத்தில் காட்டினார்கள். கடற்கரைக் கதிர்வீச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருநாகப்பள்ளி வட்டார மக்களிடம் இந்த நகரத்து மண்டலப் புற்றுநோய் மையம் நடத்திய நீண்ட ஆய்வு, அங்கே இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் சொல்லிவிட்டது. இங்கே பேசப்பட்டது தனிமத்தின் வேதியியல் குணம்.

ஓர் அறுவை மருத்துவர் தன் மேசையில் கிடந்த இதயத்திலிருந்து கிளம்பி, நோயாளி தின்ற கிழங்குக்கும், கிழங்கு விளைந்த மண்ணுக்கும், மண்ணுக்கு அடியிலிருந்த பாறைக்கும் கேள்வியைக் கொண்டுபோனார். அந்தத் துணிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் கருத்து முழுமையடையவில்லை. ஒடிசாக் கரையிலும் மோனசைட் உண்டு, இந்த நோய் அங்கே கூட்டமாகப் பேசப்படவில்லை. உகாண்டாவுக்குக் கடற்கரையே இல்லை. அங்கேயும் மண்ணில் சீரியம் உண்டு என்று புவியியலாளர்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் இது கருமணலின் கதையா, செம்மண்ணின் கதையா? மூன்றாவது தரப்பார் குடற்புழுக்களையும் யானைக்கால் புழுவையும் காட்டினார்கள். சேர்த்தலை வட்டாரம் யானைக்காலுக்குப் பேர்போனது. புழு இருந்தால் ஈசினோஃபில் ஏறும், ஈசினோஃபில் இதயத்தைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது நார் படியும். வரிசை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கேரளத்தில் நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது, பெரும்பாலும் ஈசினோஃபில் கணக்கு சாதாரணமாகவே இருக்கும். புண்ணான காலம் எப்போதோ வீட்டிலேயே காய்ச்சலாக வந்து போயிருக்கும்.

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து ஓர் ஊரின் நோயை அறிய முடியுமா? இன்று நான் உங்களிடம் கேட்க வந்த கேள்வி இதுதான். பதிவேட்டில் நூறு பேர் இருந்தால், எத்தனை பேரில் நூறு பேர்? வந்தவர்கள் எல்லோரும் பஸ் வசதி உள்ளவர்களா? வராதவர்கள் வீட்டில் இறந்தார்களா, நோயே இல்லாமல் இருந்தார்களா? இதற்கு ஒரு வழி உண்டு. அதே மருத்துவமனைக்கு அதே காலத்தில் வந்த ருமாட்டிக் இதய நோயாளிகளின் ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு கூட்டமும் ஏழைகள், இரண்டு கூட்டமும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். அப்படியும் இ.எம்.எஃப். சில ஊர்களில் மட்டும் குவிந்திருந்தால் அந்த ஊர்களில் ஏதோ இருக்கிறது. தெற்குக் கேரளத்தில் இந்த நோயின் புவியியல் பரவலை ஆய்வாளர் ராமன் குட்டியும் கர்த்தாவும் சேர்ந்து 1996-இல் எழுதினார்கள். அத்தகைய வேலைக்கு வேண்டியது விலை உயர்ந்த கருவி ஒன்றுமில்லை. சேர்க்கை எழுதுகிற எழுத்தர் முகவரியை முழுசாக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். "குமரி மாவட்டம்" என்று மட்டும் எழுதிய ஏடுகளைப் புரட்டிய எனக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும். தேங்காய்ப்பட்டணமா, குலசேகரமா, கடற்கரையா, மலையடிவாரமா? கேள்விக்கான விடையில் பாதி அதில் இருந்தது. அது எழுதப்படவில்லை.

மொசாம்பிக் செய்ததைப் பாருங்கள். இனாரிமே என்ற கிராமப்புறத்தில் அனா ஓல்கா மொகும்பியின் குழுவினர் எக்கோ கருவியைத் தூக்கிக்கொண்டு மக்களிடமே போனார்கள். எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்த 1063 பேரைப் பரிசோதித்தார்கள். 211 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, இதயத்தில் நார் இருந்தது. அந்த 211 பேரில் உடம்புக்கு ஏதாவது தொந்தரவு என்று சொன்னவர்கள் 48 பேர் மட்டும். மற்றவர்கள் வயலுக்குப் போய்க்கொண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் இருந்தார்கள். 2008-இல் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1960-களில், 70-களில் நம் கரையில் அப்படிப் பார்த்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அன்று கிராமத்துக்குத் தூக்கிப்போகும் எக்கோ கருவி கிடையாது. யார்மீதும் குறை சொல்ல முடியாது. ஆனால் வார்டில் நாம் கண்ட பிள்ளைகள், ஊரில் இருந்தவர்களில் ஒரு சிறு பங்கு மட்டும்தான் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

கருவி கைக்கு வந்தபோது நோய் போய்விட்டது. 1990-களில் புதிய பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே வந்தது. 2009-இல் ஸ்ரீசித்ராவின் இதயநோய் மருத்துவர் எஸ். சிவசங்கரன், மறைந்துகொண்டிருக்கும் புதிர் என்று இதைக் குறிப்பிட்டு பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதினார். 2012-இல் மூத்த மருத்துவர் ஜி. விஜயராகவனும் அவரும் சேர்ந்து, இந்தியாவில் இது மறைந்துவரும் நோய் என்று மறுபடியும் பதிவு செய்தார்கள். மருந்து கண்டுபிடித்து ஒழித்த நோய் இல்லை இது. யாரும் குறிவைத்து எதையும் செய்யவில்லை. நிலச்சீர்திருத்தத்தால், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரனுக்கு வீட்டுமனை சொந்தமானது. ரேஷன் கடையில் அரிசி வந்தது. வளைகுடாவிலிருந்து மணியார்டர் வந்தது. கக்கூஸ் வந்தது, செருப்பு வந்தது, பள்ளியில் மதிய உணவும் புழு மாத்திரையும் வந்தன. மரச்சீனி ஆசைக்குத் தின்னும் பண்டமானது. கருமணல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. இவற்றில் எது நோயை விரட்டியது என்று பிரித்தறிய முடியாது, எல்லாம் ஒரே இருபது ஆண்டுகளில் வந்தன. மண்தான் முழுக் காரணம் என்றால் நோய் இன்றும் இருந்திருக்க வேண்டும். மண் மாறவில்லை, மண்ணின் மேல் வாழ்ந்தவர்களின் சாப்பாடு மாறியது. எனக்கு நம்பிக்கை தரும் ஒரே தடயம் இதுதான். தனிமமோ புழுவோ எது தொடங்கி வைத்தாலும், பசித்த உடம்பில்தான் அது இதயம் வரை போய் முடிந்தது.

நோய் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பிள்ளைகளின் வயிற்றில் ஊசி போட்டு லிட்டர் கணக்கில் நீர் இறக்கிய கைகள் இவை. இன்னொரு பிள்ளைக்கு அது வேண்டாம். என் கவலை வேறு. ஆப்பிரிக்காவில் அது இன்னும் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நம் அனுபவம் வேண்டும். ஐம்பது ஆண்டு நோயாளிக் கோப்புகள், மெழுகில் பதித்து வைத்த திசுக்கள், எக்ஸ்ரேக்கள் இந்த நகரத்தின் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் சிதறிக் கிடக்கக்கூடும். அன்று மரபணுவை இப்படிப் படிக்க வழி இல்லை, இன்று உண்டு. இடமில்லை என்று பழைய கோப்புகளைக் கழிக்கும் உத்தரவு எந்த அலுவலகத்திலும் ஒரே ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். அந்தக் கையெழுத்து விழும் முன் நோய்க்குறியியல் துறையைக் கேளுங்கள் என்று இங்கே இருக்கும் நிர்வாகிகளை மன்றாடிக் கேட்கிறேன்.

நோயாளிகளும் முழுக்கப் போய்விடவில்லை. அன்று பிழைத்த பிள்ளைகள் இன்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். நோய் மெதுவாக நடந்து இப்போதுதான் வெளியே தெரிந்தவர்களும் உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, மூச்சு வாங்கி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அவர்கள் நம் வெளிநோயாளிப் பிரிவுகளில் வரிசையில் நிற்கிறார்கள். இளைய மருத்துவர்கள் இந்த நோயைப் படிப்பில்கூட ஒரு வரியாகத்தான் பார்த்திருப்பார்கள். மேலறை பெரிதாகி, வால்வு கசிந்து, கீழறை சிறிதாக இருந்தால், எக்கோவில் கீழறையின் நுனியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நுனி நாரால் அடைபட்டிருந்தால் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேளுங்கள்: பிறந்தது எந்த ஊர், பத்து வயது வரை வளர்ந்தது எங்கே, வீட்டில் எத்தனை நாள் சோறு, எத்தனை நாள் மரச்சீனி, கிணற்றுத் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா, சின்ன வயதில் நீண்ட நாள் காய்ச்சல் வந்ததா, முகம் வீங்கியதா, கூடப் பிறந்தவர்களில் வயிறு பெருத்து இறந்தவர்கள் உண்டா. சொல்வதை அப்படியே, ஊர்ப் பெயரோடு, தேதியோடு எழுதி வையுங்கள்.